அக்காவின் வலக்கை

நாகர்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் போடாதது என் தவறுதான். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். பேத்தி பிறந்த செய்தியைக்கூட மதுரைக்காரி சொல்லித்தான் அறிந்தேன். குழந்தைக்கு அப்படியே உன் மூக்கு என்றாள். மூக்குத்தி குத்தும் நாளில் ஆசாரி படப்போகும் பாட்டைப் பார்க்க நான் கட்டாயம் வருவேன்.

நான்கு மாதமாக நான் பேச்சற்றுப் போயிருந்ததற்குக் காரணம் அக்கா. நாம் தங்கிப் படித்த விடுதிக்கு வாரந்தோறும் வாழை இலையில் சுற்றிப் பிச்சிச் சரம் அனுப்புவாளே, அந்த அக்காவின் வலது கைக்கு வந்த கேட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை, தோவாளைச் சந்தையிலிருந்து அத்தான் காலையில் வாங்கி வந்திருந்த பூவைத் திண்ணையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தவள், சட்டென்று நாரைக் கீழே வைத்துவிட்டு, “கை மரத்துப்போய்விட்டது” என்றாள். வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், என் விரலைப் பிடிக்கச் சொன்னால் நோகும்படி இறுக்கிப் பிடித்தாள். பக்கவாதம் என்றால் கை விழுந்துவிடும் என்றுதான் நாம் எல்லோரும் அறிந்து வைத்திருக்கிறோம். கை விழாததால் வாயுப் பிடிப்பு என்று முடிவு செய்து, தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். மறுநாள் பக்கத்திலுள்ள ஒரு மருத்துவமனையில் சத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சென்று எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான், இடப்பக்க மூளையின் நடுவே தலாமஸ் என்னும் இடத்தில் ஒரு சிறு இரத்தக்குழாய் அடைத்து, கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு பகுதி செத்துப்போயிருந்தது தெரிந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டுப் போயிருந்தோம். முப்பது ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நரம்பு மண்டலம் நடத்தியவள் நான். ஒரு பக்கம் திடீரென மரத்துப்போவதும் பக்கவாதமே என்பது அந்த இரவில் எனக்குத் தோன்றவில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். அத்தானிடம் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்கியது. கையில் பலம் முழுமையாக இருக்கிறது. ஆனால் டம்ளர் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் மாட்ட முடியவில்லை, தோசைக்கல்லில் விரல் பட்டுக் கொப்பளம் வந்தது மறுநாள்தான் அவளுக்கே தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: “கைதான் நன்றாக அசைகிறதே, பிறகு ஏன் போட்டு உடைக்கிறாய்? கொஞ்சம் கவனமாக இருக்கக்கூடாதா?” ஐம்பது ஆண்டுகள் அந்த வீட்டைத் தன் இரு கைகளால் நடத்தியவளைப் பார்த்து இந்தக் கேள்வி. அவள் பதில் சொல்லாமல் உடைந்த சில்லுகளை இடக்கையால் பொறுக்குவாள். அதைப் பார்க்கும்போது எனக்கு வந்த ஆத்திரம்தான் என்னை மறுபடியும் பழைய புத்தகங்களிடம் கொண்டுபோய் விட்டது.

நரம்பு மருத்துவர் செய்த ஒரு சிறு சோதனையை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். இரு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, கண்ணை மூடச் சொன்னார். இடக்கை அப்படியே நின்றது. வலக்கை விரல்களோ ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல ஊரத் தொடங்கின. சுண்டுவிரல் தாழ்ந்தது, மோதிரவிரல் எழுந்தது, காற்றில் யாரோ வீணை வாசிப்பதுபோல. “விரல்கள் அசைகின்றனவா, அம்மா?” என்று கேட்டதற்கு, “இல்லையே, அப்படியேதானே வைத்திருக்கிறேன்” என்றாள் அக்கா. கண்ணைத் திறந்து பார்த்ததும் விரல்கள் மீண்டும் நேராயின. தன் விரல் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்கு வராததால், மூளையால் அதை ஓரிடத்தில் நிறுத்திவைக்க முடியவில்லை.

அந்தச் செய்தி வரும் வழியைப் படித்தபோது, நாம் தேர்வுக்காக உருப்போட்டு மறந்த ஒன்று எனக்குப் புதிதாகப் பெரும் வியப்பைத் தந்தது. விரல் நுனியிலிருந்து கிளம்பும் இழை கை வழியே ஏறித் தண்டுவடத்துக்குள் நுழைந்து, எங்கும் மாறாமல், மூளையின் கீழ்முனையான முகுளத்தின் அடிப்பகுதி வரை போகிறதே, அவ்வளவு நீளமும் ஒரே ஒரு நரம்புச் செல். அக்காவின் விரல் நுனியைத் தொட்டால் மூளையின் வாசலைத் தொட்டதாகத்தான் பொருள். அங்கே இரண்டாவது செல் செய்தியை வாங்கி எதிர்ப்பக்கம் கடந்து தலாமஸுக்கு ஏறுகிறது. மூன்றாவது செல் அங்கிருந்து பெருமூளையின் மேற்பரப்புக்குக் கொண்டு சேர்க்கிறது. வலியும் சூடும் வேறு பாதையில், தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே எதிர்ப்பக்கம் மாறிப் போகின்றன. ஆனால் அவையும் அதே தலாமஸில் வந்து சேர்ந்தாக வேண்டும். இரண்டு பாதைகளும் கூடும் சந்திப்பு அடைபட்டதால், அவளுக்குத் தொடுகையும் போயிற்று, தோசைக்கல்லின் சூடும் போயிற்று. வாசனை ஒன்றுதான் தலாமஸைக் கேட்காமலே பெருமூளையை எட்டும் புலன். மடியில் பிச்சிப்பூவை வைத்துக்கொண்டு, மணம் இருக்கிறது, பூவைத்தான் காணோம் என்று ஒருநாள் அவள் சொன்னதை நான் எந்நாளும் மறக்கமாட்டேன்.

பெரிய மேடத்தின் தவளைச் செய்முறை வகுப்பு நினைவிருக்கிறதா? தலையில்லாத தவளையின் விலாவில் அமிலம் நனைத்த காகிதத் துண்டை ஒட்டியதும், அது பின்காலை வளைத்துச் சரியாக அந்த இடத்தைத் துடைத்தெறிந்தது. நீ அலறிக்கொண்டு வெளியே ஓடினாய். மூளை இல்லாமலும் தண்டுவடம் தானாகவே வேலை செய்யும் என்று அன்று ஏட்டில் எழுதிக்கொண்டோம். தோல் அனுப்பிய செய்தி இல்லையென்றால் அந்தக் கால் எழுந்தே இராது என்பதை, ஏனோ, எழுதாமல் விட்டுவிட்டோம். மூளை கட்டளையிடுகிறது, தசை கீழ்ப்படிகிறது என்று ஒரு வழிப் பாதையாகவே நானும் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அது பாதிப் பாடம். மூளைக்கும் தசைக்கும் இடையே இருப்பது ஒரு வட்டம், ஒரு நரம்பு கட்டளையைக் கொண்டு போகிறது, இன்னொரு நரம்பு தசையின் நிலையைத் திருப்பிச் சொல்கிறது என்று உடற்கூறு அறிஞர் சார்லஸ் பெல் 1826-லேயே எழுதிவிட்டார். தசைகளுக்கு உள்ளேயே நூற்கதிர் வடிவில் சின்னஞ்சிறு உணர்விகள் இருந்து, தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உடல் தன்னைத்தானே அறியும் இந்தப் புலனுக்கு 1906-இல் தனிப் பெயர் வைத்தவர் ஷெரிங்டன் என்ற நரம்பியல் அறிஞர்.

அதே ஷெரிங்டன், மாட் என்பவருடன் சேர்ந்து 1895-இல் வெளியிட்ட ஆய்வுதான் அக்காவின் கையை எனக்குப் புரியவைத்தது. ஒரு குரங்கின் கையிலிருந்து தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு வேர்களை மட்டும் வெட்டினார்கள். கட்டளை கொண்டுபோகும் வேர்களைத் தொடவே இல்லை. மூளையின் மேற்பரப்பை மின்சாரத்தால் தூண்டினால் அந்தக் கை அசைந்தது. ஆனால் குரங்கு தானாக அதைப் பயன்படுத்துவதை அடியோடு விட்டுவிட்டது. உணவை எடுக்கக்கூட அந்தக் கையை நீட்டவில்லை. வசந்தா, அந்தக் குரங்கைக் கவனக்குறைவானது என்று யார் சொல்வார்கள்?

ஒரு டம்ளரைப் பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நாம் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஓர் உள்ளங்கையிலும் அதன் விரல்களிலுமாகச் சுமார் 17,000 தொடு உணர்வு இழைகள் இருக்கின்றன. நழுவாமல் இருக்கத் தேவையான அழுத்தத்துக்கு மேல் மிகச் சிறிதளவே கூட்டி நாம் பிடிக்கிறோம். டம்ளர் இம்மியளவு நழுவினாலும், நமக்குத் தெரிவதற்கு முன்பே, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி தானாக இறுகிவிடுகிறது. விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்து பார்த்தால், தேவைக்கு மேல் மிகவும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அன்று மாலை என் விரலை அக்கா நோகும்படி பிடித்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைப் பலம் என்று நினைத்து நான் ஆறுதல் அடைந்திருந்தேன்.

இதையெல்லாம் அத்தானிடமும் மருமகளிடமும் படம் வரைந்து விளக்கினேன், தலையாட்டினார்கள், நம்பவில்லை. நம்ப வைத்தது ஒரு மின்வெட்டு. போன மாதம் ஓர் இரவு, அக்கா செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்துகொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. செம்பு விழுந்த ஓசை கேட்டு அத்தான் கைப்பேசி விளக்கைப் பிடித்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, கையைச் செம்பைப் பிடித்த கோலத்திலேயே வைத்துக்கொண்டு, “என்ன விழுந்தது?” என்று கேட்டாள். தன் கையிலிருந்துதான் விழுந்தது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் வெறுங்கையைப் பார்த்த பிறகு அவள் முகம் மாறியதை அத்தான் பார்த்தார். அந்த இரவுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் என்பவருக்கு, 1971-இல், 19 வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு கழுத்துக்குக் கீழே தொடுகையும் உடல் தன்னைத்தானே அறியும் உணர்வும் முழுவதுமாகப் போய்விட்டன. தசைகள் நன்றாக இருந்தன. வலியும் சூடும் தெரிந்தன. ஆனால் உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் எண்ணி, மாதக்கணக்கில் பழகி, எழுந்து நடந்தார். விளக்கு அணைந்தால் அவர் தரையில் விழுந்துவிடுவார். அக்காவுக்கு ஒரு பக்கம் மட்டும்தானே என்று ஆறுதலுக்காக இதைப் படித்துக் காட்டினேன். அவளோ அவருக்காக வருந்தி, “அந்தப் பிள்ளை தூங்கி விழித்ததும் எப்படி எழுந்திருப்பான்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இப்போது நடக்கும் பயிற்சியைச் சொல்கிறேன். ஷெரிங்டனின் ஆய்வுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, எட்வர்ட் டாப் என்பவர் குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்துப் பார்த்தார். உணர்வற்ற கையைக் குரங்கு மறுபடியும் பயன்படுத்தத் தொடங்கியது. முயன்று தோற்றுத் தோற்று அந்தக் கையைக் கைவிடக் கற்றுக்கொண்டதே பாதி நோய் என்று அவர் கண்டார். அதிலிருந்து பிறந்த சிகிச்சையைப் பின்பற்றி, பிசியோதெரபிக்கு வரும் பெண் அக்காவின் இடக்கைக்குத் துணியுறை மாட்டிவிட்டு, நாளுக்கு இரண்டு மணி நேரம் வலக்கையை மட்டும் வேலை வாங்குகிறாள். பிறகு, ஒரு பெரிய பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி, அதற்குள் சாவி, ஐந்து ரூபாய் நாணயம், புளியங்கொட்டை, பொத்தான் ஆகியவற்றைப் புதைத்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். முதலில் இடக்கையால் தடவிப் பார்த்துவிட்டு, அதே பொருளை வலக்கைக்குக் கொடுக்க வேண்டும். செத்த செல்கள் பிழைக்கப்போவதில்லை. பக்கத்தில் தப்பிய இழைகள் அனுப்பும் மங்கலான செய்தியைப் படிக்க மூளை பழக வேண்டும்.

என் பெரிய பயம் வேறு. தலாமஸில் இப்படி அடிபட்ட சிலருக்கு, மாதங்கள் கழித்து, மரத்த பக்கத்திலேயே தீராத எரிச்சல் வலி தொடங்குமாம். சேலைத் தலைப்பு உரசினாலும் நெருப்புப் பட்டதுபோல் துடிப்பார்களாம். ஒவ்வொரு நாள் காலையிலும், “கை எரிகிறதா?” என்று அக்காவைக் கேட்டுவிடுகிறேன். ஏன் கேட்கிறாய் என்று அவள் கேட்பதில்லை. அவள் புரிந்துகொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

நேற்று ஒன்று நடந்தது. அரிசிக்குள் கையை விட்டு வெகுநேரம் துழாவியவள், நெற்றியெல்லாம் வியர்த்து, எதையோ கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, “வழுவழுப்பு” என்றாள். சற்றுப் பொறுத்து, “மூலை இருக்கிறது” என்றாள். பிறகு, “புளியங்கொட்டை” என்றாள். சரியாகவே சொன்னாள். நாணயத்தையும் பொத்தானையும் இன்னும் மாற்றித்தான் சொல்கிறாள். பூ கட்டுவதற்கு இன்னும் நாளாகும். நார் அவளுக்கு இருப்பதாகவே தெரியவில்லை.

சித்திரை விடுமுறைக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, ஒருநாள் முன்பின் ஆனாலும் வந்துவிடு. வரும்போது, விடுதியைக் காலி செய்த அன்று உன் பெட்டிக்குள் போன என் பல்லாங்குழிப் பலகையைக் கொண்டு வா. சோழிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து எழுது. குழிக்குள் விரலை விட்டுச் சோழியை அள்ளி, ஒவ்வொன்றாகப் போடுவதைவிட நல்ல பயிற்சி எதுவும் இல்லை என்று பிசியோதெரபிப் பெண் சொல்கிறாள். உன்னோடு விளையாடுவதென்றால் அக்கா கண்ணைக் கட்டிக்கொண்டும் உட்காருவாள்.

அன்புடன்,
உன் பாக்கியம்