ஸ்பீடு அட்டையில் எழுதிய எண் பற்றி

நம்ம கடைக்கு வரும் அண்ணன், தம்பி, அக்கா, பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாமார் எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன வாரத்திலிருந்து ஒரு குரல் பதிவு வாட்ஸப்பில் சுற்றுகிறது. "அண்ணா, உங்க கடையைத்தானுங்களே சொல்றாங்க?" என்று எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். ஆமாங்க, எங்களைத்தான். ஏர் ரைஃபிள் சர்வீஸ் முடிந்ததும் நாங்கள் தரும் அட்டையில் வேகம் நொடிக்கு 175 மீட்டர் என்று இருந்ததாம். அதை, குண்டு எங்கே படும் என்று கணக்குப் போடும் போன் ஆப்பில் போட்டு, தோட்டத்தில் 25 மீட்டரில் சுட்டால், ஆப் சொன்ன இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே பட்டதாம். அது வரைக்கும் நியாயமான கேள்விதான். "கடைக்காரர் வாய்க்கு வந்த நம்பரை எழுதித் தர்றார்" என்று கடைசியில் ஒரு வரி வருகிறது பாருங்கள், அதுதான் இரண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

வாய்க்கு வந்த நம்பர் இல்லீங்க. சர்வீஸ் ஆன ஸ்ப்ரிங் ரைஃபிளில் முதல் இருபது பெல்லட்டை (அதில் போடும் சின்ன ஈயக் குண்டு) நாங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் எரிந்து வேகத்தை ஏற்றிக் காட்டும். அதற்கடுத்த பத்தை வேகம் அளக்கும் மீட்டர் வழியாகச் சுட்டு, சராசரியையும், அந்தப் பத்தில் அதிகத்துக்கும் குறைச்சலுக்கும் உள்ள இடைவெளியையும் எழுதுகிறோம். இரண்டாவது எண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

இனி அந்த ஒரு விரற்கடைக்கு வருகிறேன். துப்பாக்கிக் குழாயின் நடுவுக்கும், மேலே குறி பார்க்க மாட்டும் ஸ்கோப்பின் நடுவுக்கும் உள்ள உயரத்தை ஆப் கேட்கும். முக்கால்வாசிப் பேர் அதில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 10 மீட்டரில் குறி சேர்த்த துப்பாக்கிக்கு அந்த உயரத்தில் 1 செ.மீ. தப்பினால், 25 மீட்டரில் கணக்கு ஒன்றரை செ.மீ. தப்பும். அடுத்தது, காற்றை பெல்லட் எவ்வளவு கிழித்துக்கொண்டு போகும் என்று சொல்லும் பி.சி. எண். பதிவு போட்ட தம்பி சுட்டது 0.53 கிராம் தட்டைத் தலைப் பெல்லட். ஆப்பில் தேர்ந்தெடுத்தது உருண்டைத் தலை. தட்டைத் தலை பேப்பரில் சுத்தமாக ஓட்டை போடத்தான் செய்தது, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதனால் கீழே விழும்.

சிலர் நம்ம ஊர்க் காற்றின் மேல் பழி போட்டார்கள். ஆப் பெரும்பாலும் கடல் மட்டம், 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளும். கோவை 400 மீட்டருக்கு மேல், வெயிலும் அதிகம், காற்று லேசு. அதை மட்டும் பார்த்தால் பெல்லட் கணக்கைவிட மேலேதான் பட வேண்டும்! ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும், அது வேறு கதை.

மேல்நாட்டில் உரிமத்தோடு தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்களும் சாஃப்ட்வேர் சொன்ன வேகத்தை அப்படியே நம்புவதில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டில் தண்ணீர் ஊற்றி எடை பார்த்து, சாஃப்ட்வேரில் அதன் கொள்ளளவைத் திருத்துவார்கள், வேக மீட்டரில் வந்த எண்ணுக்குக் கணக்கை இழுத்துக்கொண்டு வருவார்கள். (அந்த வேலை நம்ம கடையில் கிடையாது. தயவுசெய்து கேட்க வேண்டாம்.) நாமும் அதையே செய்யலாம்: 10, 15, 20, 25 மீட்டரில் ஐந்தைந்து சுட்டு, எங்கே பட்டது என்று குறித்து, அதற்குப் பொருந்தும்வரை ஆப்பில் பி.சி.யை மாற்றுங்கள். தாளோடு வந்தால் நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

நடுவில் ஒரு மூணு வாரம் வேக மீட்டரைப் புது எல்இடி விளக்குப் பட்டைக்குக் கீழே வைத்திருந்தோம், அந்த வெளிச்சத்தின் துடிப்பில் மீட்டர் குழம்பிச் சில அட்டைகளில் எண் ஏழெட்டு மீட்டர் கூடியிருக்கலாம். அவர்களுக்கு இலவசமாக மறுபடி பார்த்துத் தருகிறோம்.

பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரித்துக்கொண்டிருந்த தம்பி திருப்பூரில் நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார். குறை சொல்ல மாட்டேன், குடும்பம் இருக்கிறது. மில்லிகிராம் தராசில் ஒரு டப்பா முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் எடை பிரித்த டப்பா இனிச் சனிக்கிழமை மட்டும், முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு. வேகம் பார்க்க 100 ரூபாய் 150 ஆகிறது.

அந்தப் பதிவு வந்த அன்றைக்கே பல்லடத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்து, எதுவும் கேட்காமல், இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார். அவருக்கும், அவரைப் போல இத்தனை வருஷம் கூட நின்ற எல்லோருக்கும் கும்பிடுங்க. பதிவு போட்ட தம்பியும் ரைஃபிளோடு ஒருநாள் வரட்டும். பொழுதோட ஆறு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.