ஆகஸ்ட் 10 கறுப்பு நாள்: மூன்று சபையாரும் சேர்ந்து நடக்கிறோம்

அன்புள்ள சகோதர சகோதரிகளே, தோத்திரம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டுமே என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அதனால்தான் கத்தோலிக்க ஆயர் பேரவையும் இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றமும் இதைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

நம் ஊரில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் சேர்ந்தே நடக்கிறோம். மாலை 5 மணிக்குக் கறுப்புப் பட்டை அணிந்து பங்குக் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள். மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டம் வரை நடப்போம். அங்கே நடுவில் நிற்கும் சுவரை எல்லாருமே பார்த்திருக்கிறோம். அரசிடம் நீதி கேட்கிற நாம், இறந்தவர்களையும் சாதியால் பிரிக்கும் அந்தச் சுவரைப் பற்றி அன்று பேசியே ஆக வேண்டும். முதல் ஜெபம் அதன் அருகில்தான். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.