முருகேசனுக்கு, குரோம்பேட்டையிலிருந்து

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில்தான் தாங்க முடியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 'ஐயாயிரம் வருஷமாகக் கலப்பே இல்லாத வம்சம்' என்று உங்கள் சாதிச் சங்க மலரில் போடப் போகிறார்களாம், டிஎன்ஏ ஆராய்ச்சி அப்படிச் சொல்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை. நேர்மாறாகத்தான் சொல்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் தங்கள் குழுவினரோடு 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய இந்தியர்களில் பெரும்பாலோர் இரண்டு பழைய மக்கள்கூட்டங்களின் கலவை, அளவுதான் சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது என்றார்கள். கலந்தது எப்போது என்பது 2013-இல் தெரிந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்வழி, தந்தைவழி டிஎன்ஏ துண்டுகள் வெட்டி ஒட்டப்படுவதால், கலப்பு பழசாக ஆக மூதாதையர் கொடுத்த துண்டுகள் சின்னதாகிக்கொண்டே போகும். அந்த நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 4200 முதல் 1900 வருஷத்துக்கு முன்பு வரை இங்கே தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். சொந்தச் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கட்டுப்பாடு அப்புறம் இறுகியதுதான். என்னைப் பொறுத்தவரை நம் சரித்திரத்திலேயே இதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

பழைய எலும்புகளும் இதையே சொல்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் எலும்பிலுள்ள டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். ஹரியானாவின் ராகிகரியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும் ஒரே ஒரு பெண்ணின் எலும்பில்தான் படிக்கிற அளவுக்குக் கிடைத்தது. சிந்துவெளி நகரம் செழிப்பாக இருந்த காலத்தவள். 2019-இல் வெளியான முடிவின்படி, அவளிடம் ஸ்டெப்பி என்கிற வடக்குப் புல்வெளிகளில் ஆடுமாடு மேய்த்த மக்களின் அடையாளம் இல்லை. ஆனால் அவளும் கலப்புதான். ஈரானியத் தொடர்புள்ள ஒரு பழைய வம்சமும் இங்கிருந்த வேட்டைச் சமூகமும் கலந்தவள் அவள். அவளைப் போன்றவர்களின் பங்கு உனக்கும் உண்டு, எனக்கும் உண்டு, உங்கள் சங்கத்தார் பெண் கொடுக்க மறுக்கிற பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் உண்டு.

கலக்காமல் இருப்பதற்கு உடம்பு விலை கொடுக்கிறது, முருகேசா. 2017-இல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்ததில், 81 சமூகங்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அரிய பரம்பரை நோய்கள் தலைதூக்கும். வைசியரில் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் ஒரு தசைத்தளர்வு மருந்தின் வேகம் லேசில் தணியாது. மயக்க மருந்து டாக்டர்களுக்கு இது தெரிந்த விஷயம். உங்கள் ஜனங்களில் அத்தை மகள், மாமன் மகன் என்று எத்தனை கல்யாணம்! பெருமை பேசுகிற மலரில் இதற்கு ஒரு பக்கம் வேண்டாமா?

அந்த வரியை அச்சுக்குப் போகும் முன் எடுக்கச் சொல். அந்த இடத்தில், கல்யாணத்துக்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது பற்றி நான் எழுதித் தருகிறேன். எப்போதைக்குள் வேண்டும் என்று சங்கச் செயலாளரிடம் கேட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
சேகர்