போகிற வழி மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன். உங்கள் தொழில் பக்கத்தில் நூல் விலை வருகிறது, ஜிஎஸ்டி வருகிறது. ஆனால் ஆபீஸையும் யூனிட்டையும் குடோனையும் இணைக்க எங்களைப் போன்றவர்கள் வாங்கி மாட்டியிருக்கிற ரவுட்டரைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. ஒரு பெரிய செலவில் இருந்து மயிரிழையில் தப்பியதால் எழுதுகிறேன்.

ஆபீஸுக்கும் தையல் யூனிட்டுக்கும் அரை கிலோமீட்டர்தான். இரண்டு மொட்டை மாடியிலும் வயர்லெஸ் டிஷ் வைத்து, பக்கத்துக்கு ஒரு ரவுட்டர் போட்டுக்கொடுத்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்து யூனிட் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை. திறக்கவில்லை. போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால், "இதுக்கு டைனமிக் ரவுட்டிங் உள்ள பெரிய ரவுட்டர் வாங்கணும் சார்" என்கிறார். டைனமிக் ரவுட்டிங் என்றால் ரவுட்டர்களே தங்களுக்குள் பேசி வழியைத் தெரிந்துகொள்வது. கொட்டேஷனும் வந்துவிட்டது.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன்தான் உட்கார்ந்து பார்த்தான். முதல் கோளாறு, இரண்டு பக்கமும் 192.168.1 என்றே முகவரி. பெட்டியைப் பிரிக்கும்போது இருக்கிற எண்ணை யாரும் மாற்றவில்லை. எதிர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டரும் தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நினைத்துக்கொள்கிறது, ரவுட்டரைக் கேட்பதே இல்லை. ஆபீஸை 192.168.10 என்றும் யூனிட்டை 192.168.20 என்றும் மாற்றினான். அப்புறம் ஆபீஸ் ரவுட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நாமே கையால் எழுதிவைக்கும் வழி), அதாவது "192.168.20.0, மாஸ்க் 255.255.255.0, இதற்கு டிஷ் வழியாக அந்தப் பக்கத்து ரவுட்டரிடம் கொடு" என்று. முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்கிற முகவரி எல்லாம் ஒரே இடம் என்பதுதான் அந்த மாஸ்க். அப்போதும் திறக்கவில்லை.

காரணம் தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. யூனிட் ரவுட்டருக்கு ஆபீஸ் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. தெரியாத முகவரி எதுவானாலும் அது டீஃபால்ட் ரூட்டில், அதாவது இன்டர்நெட் லைனில் தள்ளிவிடும். ஆபீஸில் இருந்து கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேர, பதில் இன்டர்நெட் கம்பெனிக்குப் போய் அங்கேயே தொலைந்துகொண்டிருந்திருக்கிறது. மொய் நோட்டில் ஊர் பேர் எழுதாமல் விட்டால் திருப்பிச் செய்ய எங்கே போவது, அந்தக் கதைதான். யூனிட் பக்கமும் ஒரு ரூட் எழுதினான், திறந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை. (எதிர்க் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பிங் போட்டுச் சோதிப்பவர்கள் கவனிக்கவும். வேறு இடத்து முகவரி வரிசையில் இருந்து வரும் பிங்கை விண்டோஸின் காவல்காரனான ஃபயர்வாலே தடுத்துவிடும், ரூட் சரியாக இருந்தாலும் பதில் வராது. இதில் எங்களுக்கு ஒரு மதியம் போனது.)

டைனமிக் ரவுட்டிங் வேண்டாத சரக்கு என்று சொல்லவில்லை. பிற்பாடு குடோனும் சேர்ந்து, மூன்று இடமும் முக்கோணமாக இணைந்தது. ஆபீஸ்–குடோன் டிஷ் காற்றில் திரும்பிவிட்டால் யூனிட் வழியாகச் சுற்றிப் போக வழி இருக்கிறது, ஆனால் ஸ்டாட்டிக் ரூட் அதைத் தானாகத் தேடாது. டிஷ்ஷுக்குப் போகும் கேபிளில் லைட் எரிகிறவரை செத்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். இங்கேதான் ஓஎஸ்பிஎஃப் என்கிற டைனமிக் ரவுட்டிங் முறை வேண்டும். வழக்கமான செட்டிங்கில் 10 விநாடிக்கு ஒருமுறை பக்கத்து ரவுட்டருக்கு வணக்கம் சொல்லும், 40 விநாடி பதில் இல்லையென்றால் வேறு வழிக்கு மாறிவிடும். பல சின்ன ரவுட்டர்களில் ஆர்ஐபி என்கிற இன்னொரு டைனமிக் முறை மட்டும்தான் இருக்கிறது. அது பழைய ஆள், இடையில் எத்தனை ரவுட்டர் என்று மட்டும் எண்ணும், லைன் வேகமா மந்தமா என்று பார்க்காது, ஒரு வழி செத்ததை ஒப்புக்கொள்ளவே 3 நிமிடம் எடுக்கும். எதை ஆன் செய்தாலும் பாஸ்வேர்ட் போட்டு, ஊழியர் கம்ப்யூட்டர்கள் இருக்கும் பக்கம் அதன் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினாலும் அது சொல்கிற பொய் வழியை நம் ரவுட்டர் நம்பிவிடும்.

இரண்டே இடம் என்றால் பக்கத்துக்கு ஒரு வரி, மொத்தம் இரண்டு வரி ஸ்டாட்டிக் ரூட் போதும். அதை எழுதத் தெரியாமல்தான் பெரிய பெட்டியை விற்கப் பார்க்கிறார்கள். பாஸ்வேர்டும் தருவதில்லை, என்ன போட்டோம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுப்பதில்லை. சில ரவுட்டர்களில் தனியாகச் 'சேவ்' கொடுக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் எழுதிய ரூட் எல்லாம் காணாமல் போகும், அதையாவது சொல்லிவிட்டுப் போகலாம்.

வாரம் அரைப் பக்கம் இதற்கு ஒதுக்க முடியுமா, ஐயா? ரவுட்டர் வாங்குமுன் என்ன கேட்க வேண்டும், வேலை முடிந்ததும் என்ன எழுதி வாங்க வேண்டும் என்று விவரம் தெரிந்த ஒருவரை வைத்து எழுதச் சொன்னால் நான் வெட்டி யூனிட் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்