இவிக்டுட் சுரங்கமும் 1941 ஒப்பந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிரீன்லாந்தை அமெரிக்கா கோருவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை அங்கே இறங்கியதை ஒரே வரியில் கடந்துவிட்டது. அதற்கு முந்தைய ஓராண்டுப் பேரம் பெரிதும் இவிக்டுட் என்ற சுரங்கத்தைச் சுற்றியே நடந்தது.

தீவின் தென்மேற்குக் கரையிலிருந்த அச்சுரங்கத்தில் கிரையோலைட் கிடைத்தது. அலுமினியத்தின் மூலப்பொருளான அலுமினாவைத் தனியே உருக்க 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பம் தேவை. உருகிய கிரையோலைட்டிலோ அது 1,000 டிகிரிக்கும் குறைவிலேயே கரைந்துவிடும். போர் விமானங்களுக்கு அலுமினியம் தேவைப்பட்ட காலத்தில் கனடாவும் அமெரிக்காவும் அந்தக் கனிமத்தை நம்பியிருந்தன.

1940 ஏப்ரல் 9 அன்று, கிரீன்லாந்தை ஆண்டுவந்த டென்மார்க்கை ஜெர்மனி கைப்பற்றியதும், சுரங்கத்தைக் காக்கப் படை அனுப்பக் கனடா ஆயத்தமானது. நட்பு நாடாயினும் வாஷிங்டன் அதற்கு இசையவில்லை. போரில் இறங்கிய ஒரு நாடு கிரீன்லாந்தில் கால்வைத்தால், டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளில் ஜப்பான் நுழைவதற்கு அதுவே முன்மாதிரியாகிவிடும் என்று அஞ்சியது. அமெரிக்காவோ அப்போது நடுநிலை நாடு, தன் படையையும் அனுப்ப இயலாது. ஆகவே கடலோரக் காவல் படையினர் சிலரைப் பணியிலிருந்து விடுவித்து, சுரங்கத்தின் சம்பளக் காவலாளிகளாக அமர்த்தினார்கள். ஒரு பீரங்கியும் கொடுத்தார்கள். சட்டப்படி அவர்கள் சாதாரணக் குடிமக்கள்! இந்த ஏற்பாட்டில் பாசாங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிறர் மண்ணில் வெளிப்படையாகப் படை இறக்கக் கூசிய தயக்கமும் அதில் இருந்தது.

ஓராண்டு கழித்து, 1941 ஏப்ரல் 9 அன்று, டேனிஷ் தூதர் ஹென்ரிக் கௌஃப்மன் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கார்டெல் ஹல்லுடன் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜெர்மானியப் பிடியிலிருந்த கோபன்ஹேகன் அவரைப் பதவி நீக்கி, தேசத்துரோகக் குற்றமும் சாட்டியது; வாஷிங்டன் அவரையே தூதராக ஏற்றுக்கொண்டிருந்தது. நாடு விடுதலையானபின், 1945 மே மாதத்தில், டேனிஷ் நாடாளுமன்றம் அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது.

டேனிஷ் மன்னரிடம் விசுவாசத்தை உறுதிப்படுத்தி 1940 மே 3 அன்று கிரீன்லாந்து மன்றங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை ஒப்பந்தத்தின் முகவுரையே குறிப்பிடுகிறது. முதல் பிரிவு, தீவின் மீது டென்மார்க்குக்குள்ள இறையாண்மையை அமெரிக்கா மதிப்பதாகச் சொல்கிறது. தளங்கள் அமைக்கும் உரிமை அதற்குப் பிறகுதான் வருகிறது. போர்க்காலப் பாதுகாப்பை இன்றைய கோரிக்கைக்குச் சான்றாகக் காட்டுவோர் அந்த முதல் பிரிவையும் சேர்த்தே காட்ட வேண்டும். இதைக் கட்டுரையாளர் சுட்டியிருக்கலாம் என்பதே என் குறை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருநெல்வேலி