சிரிஞ்சு கேட்ட தம்பியும் நானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதை ஊசி பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மருந்துக்கடைகளில் சிரிஞ்சு விற்பதையே நிறுத்த வேண்டும் என்ற வரி மட்டும் இடறுகிறது.

தேவகோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்துக்கடையில் நின்றவன் நான். சாயங்காலத்தில் ஒல்லியாக ஒரு பையன் வந்து, சீட்டு இல்லாமல் ஒரே ஒரு சிரிஞ்சு கேட்பான். "கிளம்பு தம்பி" என்று விரட்டுவேன். ஊரைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு வேறு! மாத்திரை ஏற்கெனவே அவன் சட்டைப் பையில் இருந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஏற்றுகிறார்கள். அந்தப் பொடி ரத்தக்குழாயை அடைக்கும், கை சீழ் பிடிக்கும். நான் ஊசி தராததால் அவன் சும்மாவா இருந்திருப்பான்? கூட்டாளி போட்ட ஊசியை வாங்கிப் போட்டிருப்பான். எச்.ஐ.வி., கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி இரண்டும் அப்படித்தான் பரவுகின்றன. சிரிஞ்சில் ஒட்டியிருக்கும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

நம்மூர் வீடுகள்தான் தெரியுமே. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்காரர் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தால் உண்டு. அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பின்வாசலைக் கூட்டப் போன வேலைக்கார அம்மா ஒருவரின் காலில் ஊசி ஏறிவிட்டது. 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட்டார். அந்த ஒரு மாதம் அவர் தூங்கவில்லை.

பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் திட்டம் நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் பல வருடங்களாக நடக்கிறது. ஊசியை விட முடியாதவர்களுக்கு, போதை ஏக்கத்தைத் தணிக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை கூடவே இருந்து பார்க்கிறார்கள். ஹெபடைடிஸ் சி வந்தவர்களுக்கும் 2018 முதல் அரசு இலவசமாக மருந்து தருகிறது. பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாகிவிடும். 'போதைக்கு அரசே ஊசி கொடுப்பதா, சட்டம் விடுமா?' என்று கேட்பவர்கள் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தில் 22ஆம் பிரிவைப் பார்க்கலாம். தொற்றைக் குறைக்க இப்படி ஊசி கொடுப்பது குற்றமாகாது என்கிறது அது.

சரி, இதெல்லாம் அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? நான் நின்ற கடையில் ஒரு அட்டைகூடத் தொங்கியதில்லை. நீங்களும் அடுத்த தடவை போதை ஊசிச் செய்தி போடும்போது, பிடிபட்டவர்களை வரிசையாக நிற்கவைத்த படத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் எச்.ஐ.வி.க்கு 1097, போதை மீட்புக்கு 14446 என்ற இரண்டு இலவச உதவி எண்களையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தேவகோட்டை