வயலில் இறங்கினேன், வீடு வந்தேன்

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடம் கொட்டகையில் உட்கார்ந்து நானே கட்டிய விமானம், பறக்கத் தொடங்கிப் பதினாறு மணி நேரம்கூட ஆகாத நிலையில், என்ஜின் நின்று ஒரு வயலில் இறங்கியது. எனக்கு உதட்டில் இரண்டு தையல், அவ்வளவுதான். சோதனைப் பறப்பு என்பதால் கூட யாரும் இல்லை. நலம் விசாரித்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

அப்போது 2,000 அடியில் இருந்தேன். என்ஜின் இருமியது, திணறியது, நின்றது. என்ஜின் இல்லாமல் என் விமானம் நிமிடத்துக்கு 800 அடி இறங்கும். அதாவது கையில் இருந்தது இரண்டரை நிமிடம்.

பயிற்சி கொடுத்த ஆசிரியருக்கு முதல் நன்றி. சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) இழுத்துவிட்டு, "இப்ப எங்க இறங்குவீங்க?" என்று கேட்பார். மனதுக்குள் எத்தனை முறை திட்டியிருப்பேன்! அன்று நான் யோசிப்பதற்குள் கை மூக்கைத் தாழ்த்தி 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தைப் பிடித்துவிட்டது. கார்புரேட்டரில் பனி உறைந்திருந்தால் உருக்கும் சூடு, எரிபொருள் வால்வு, தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்று எல்லாவற்றையும் பார்த்தேன். பலனில்லை. ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆசையும் காட்டியது. எட்டாத ஓடுதளத்துக்காக மூக்கைத் தூக்கினால் வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து (ஸ்டால் ஆகி) விழுவோம் என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்தது வீண் போகவில்லை. வயலைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

விமான நிலையக் கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளர் அம்மாவுக்கு நன்றி. என் மேடே (ஆபத்து) அழைப்புக்கு, "எத்தனை பேர்?" என்று கேட்டார். "காற்று மேற்கிலிருந்து 12 நாட்" என்றார். அப்புறம் பேசவே இல்லை. அந்த நேரத்தில் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று விமானத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். காற்றை எதிர்த்து இறங்கியதால் தரையைத் தொடும் வேகம் நன்றாகக் குறைந்தது. மேலே வட்டமடித்து மீட்புக் குழுவுக்கு வழி சொன்ன இன்னொரு விமானிக்கும் நன்றி.

வயல்காரர் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "உள்ள வேற யாராவது இருக்காங்களா?" பயிரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நஷ்டத்துக்குப் பணம் வாங்க வைக்க நான்தான் மூன்று முறை போக வேண்டியிருந்தது. இறக்கைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றியதும் அவர் பிள்ளைகள்தான்.

கடைசியாக, என் நண்பர். எடை கூடுமே என்று இடுப்பு வார் மட்டும் போதும் என்றவன் நான். தோள் வாரும் வேண்டும் என்று சண்டை போட்டுப் பொருத்த வைத்தவர் அவர். முன்சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் மூக்கைக் குத்தியபோது அந்த வார்தான் என்னைப் பிடித்தது. தோளில் தழும்பு இரண்டு வாரம் இருந்தது.

எரிபொருள் தொட்டிக்குள் கசிவு வராமல் இருக்க நான் பூசிய பூச்சையும் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. தரையில் எரிபொருள் ஓட்டத்தை அளந்தபோது, முழு விசையில் என்ஜினுக்குத் தேவையானதைப் போல ஒன்றரை மடங்கு வந்தது. சரி, போதும் என்று விட்டுவிட்டேன். புதுப் பூச்சு அன்றைக்கு உரியவில்லை, அவ்வளவுதான். போன வாரம் இருவருமாகத் தொட்டியை அறுத்துத் திறந்தோம். உரிந்த பூச்சு வடிகட்டியை மூடிக் கிடந்தது. அவர் அதை விரலால் எடுத்து ஒரு பாட்டிலில் போட்டார். "அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.